விவிலியத்தைப் பொருளுணர்ந்து படித்தல்

சில மாதங்களுக்கு முன்பு, வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின் அம்மையார் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். நோயில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், குற்றமற்றவர் எவரும் அழிந்ததில்லை என்னும் கருத்துடைய வாக்கியம் ஒன்றை விவிலியத்திலிருந்து எடுத்துக் கூறினாராம். கூறியவர் நல்லவர்தாம், ஆறுதல் சொல்வதாக எண்ணியே அவர் அதைக் கூறியிருக்க வேண்டும். ஆனால் அம்மையாரின் உள்ளத்தில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. “சுவாமிஜி, பாவம் செய்தது என் பிள்ளையா, நானா? வேதப் புத்தகமே அப்படிச் சொல்கிறதாமே!” என்று கேட்டார்.

அவ்வாக்கியம் விவிலியத்தில் இருப்பது உண்மை. ஆனால் ஒன்று நூலில் இருப்பது வேறு. அந்நூல் அதைப் போதிப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராமல் எந்தச் சாஸ்திரத்தைப் படித்தாலும் அமுதம் நஞ்சாகிவிடக்கூடும். ஆகவே விவிலியத்திற்குப் பொருள் காண்பதில் அறிஞர்கள் பின்பற்றும் சில அடிப்படை நெறிகளை இங்குச் சிந்திப்போம்.

மூன்று சொற்கள்

இத்துறையில் மூன்று கிரேக்கச் சொற்கள் அடிக்கடி வழங்குகின்றன. நூலுக்குப் பொருள் காணும் நெறிகளை ஆராயும் துறைக்கு ஹெர்மனூட்டிக்ஸ் என்று பெயர். நூலில் உள்ள பொருளை அதிலிருந்தே வெளிக்கொணர்வது எக்ஸிஜீசிஸ். நம் மனத்தில் ஏற்கெனவே உள்ள கருத்தை நூலுக்குள் புகுத்தி, பின்னர் அதை நூலின் பொருளாகவே எடுத்துக்காட்டுவது ஐசிஜீசிஸ். கிணற்றிலிருந்து நீர் இறைப்பவன் ஒருவன். தன் குடத்து நீரைக் கிணற்றில் ஊற்றிவிட்டு அதையே மொண்டு குடிப்பவன் மற்றொருவன்.

இரண்டாவது வகைப் படிப்பு எவ்வளவு கொடுமைக்கு இடமளிக்கும் என்பதற்கு வரலாறே சான்று. ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா தம் பேரனாகிய கானானைச் சபிக்கிறார். கானானின் தந்தையாகிய காம் அங்குச் சபிக்கப்படவில்லை. தோலின் நிறத்தைப் பற்றியும் அங்கு ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் இதைக் ‘காமின் சாபம்’ என்று பெயரிட்டு, ஆப்பிரிக்க மக்களை அடிமைப்படுத்துவதற்குத் தெய்வ அனுமதியாக அமெரிக்காவில் பலர் காட்டினர். அடிமையாகப் பிறந்து தப்பி விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்வாதத்தின் போலித்தனத்தை வெளிப்படுத்தினார்.

புகுத்துவதைப் போலவே நீக்குவதும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807-இல் லண்டனில் அச்சான விவிலியத் தொகுப்பில், எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்ற வரலாறு விடப்பட்டிருந்தது. அதைப் படித்தால் என்ன நேரும் என்பதைத் தொகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

பேசுபவர் யார்?

முதல் நெறி, ஒரு வாக்கியத்தைக் கண்டவுடன் அதைப் பேசுபவர் யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று கேட்பது. கடவுள் இல்லை என்னும் சொற்கள்கூடத் திருப்பாடல்களில் உள்ளன. ஆனால் அறிவிலி ஒருவன் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்வதாகவே அவை வருகின்றன.

அம்மையாரைப் புண்படுத்திய வாக்கியம் யோபு நூலின் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. அதைப் பேசுபவர் யோபுவின் நண்பர் எலிப்பாஸ். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவிடம், துன்பம் வந்ததால் குற்றமும் இருந்தே தீர வேண்டும் என்று அவர் வாதிக்கிறார். ஆனால் யோபு உத்தமர் என்பதை முதல் அதிகாரமே நமக்குச் சொல்லிவிட்டது. இறுதியில், நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில், இறைவன் எலிப்பாஸைக் கடிந்து, அவரும் அவருடைய இரு நண்பர்களும் யோபுவைப் போலத் தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்கிறார்.

நூலின் தொடக்கத்தையும் முடிவையும் இணைத்தே அதன் உட்கருத்தைத் துணிய வேண்டும் என்று நம் மீமாம்சகர்கள் உபக்கிரம-உபசம்ஹாரம் என்னும் நெறியை வகுத்தனர். அந்த நெறி இங்கு அப்படியே பொருந்துகிறது.

நூலின் வகையும் மொழியும்

விவிலியம் ஒரே நூல் அன்று, ஒரு நூலகம். புரொட்டஸ்டண்டு மரபில் 66 நூல்களும், கத்தோலிக்க மரபில் 73 நூல்களும் அதில் அடங்கும். வரலாறு, சட்டம், கவிதை, பழமொழி, தீர்க்கதரிசனம், உவமை, கடிதம் எனப் பல வகைகள் அவற்றில் உள்ளன. ஆறுகள் கைகொட்டும் என்று கவிஞர் பாடினால் அது கவிதை. அதைப் பூகோளச் செய்தியாகக் கொள்ளலாகாது.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியிலும் சில பகுதிகள் அரமேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டன. எபிரேயத்தில் ‘நெபெஷ்’ என்னும் சொல் மூச்சு, உயிர், ஆள் என்றெல்லாம் பொருள்படும். மொழிபெயர்ப்பில் ‘ஆத்துமா’ என்று கண்டதும், உபநிஷதம் கூறும் ஆத்மாவையே அது குறிப்பதாக நாம் கொண்டுவிட்டால், நாமும் நம் குடத்து நீரையே கிணற்றில் ஊற்றியவர்கள் ஆவோம்.

இங்கு என் பிழையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இறையரசு நமக்குள்ளேயே உள்ளது என்று ஏசு கூறியதை என் சொற்பொழிவுகளில் பல முறை எடுத்தாண்டிருக்கிறேன். லூக்காவின் பதினேழாம் அதிகாரத்தில் வரும் அக்கிரேக்கத் தொடர் ‘உங்களுக்குள்’ என்றும், ‘உங்கள் நடுவில்’ என்றும் பொருள் தரக்கூடியது. அங்கு ஏசு பேசுவது தம் சீடர்களிடம் அன்று. கேள்வி கேட்ட பரிசேயர்களிடம். முதற்பொருள் தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்கு உவப்பான பொருளை ஒரே பொருளாக முழங்கியதுதான் தவறு.

பொருளின் நான்கு நிலைகள்

இடைக்காலக் கிறிஸ்தவ மரபு நான்கு வகைப் பொருள்களைக் கண்டது: சொற்பொருள், உருவகப்பொருள், ஒழுக்கப்பொருள், இறுதிநிலைப் பொருள். எருசலேம் என்பது சொற்பொருளில் யூதர்களின் நகரம், உருவகத்தில் திருச்சபை, ஒழுக்க நோக்கில் மனிதனின் ஆன்மா, இறுதிநிலையில் விண்ணக நகரம். ஆனால் மற்றப் பொருள்கள் யாவும் சொற்பொருளின் மீதே நிற்கின்றன என்றும், வாதத்திற்கு ஆதாரமாகச் சொற்பொருளை மட்டுமே கொள்ளலாம் என்றும் தாமஸ் அக்வினாஸ் வரையறுத்தார். அடித்தளமின்றி மாடி கட்ட இயலாதல்லவா?

தெளிவானதைக் கொண்டு தெளிவற்றதை அறிதல்

தெளிவற்ற பகுதிகளைத் தெளிவான பகுதிகளின் ஒளியில் படிக்க வேண்டும் என்பது மற்றொரு நெறி. புனித அகஸ்டின் ‘கிறிஸ்தவப் போதனை குறித்து’ என்னும் நூலில் இதை விளக்குகிறார். அதனினும் ஆழமான ஓர் உரைகல்லையும் அவர் அந்நூலில் தருகிறார்: இறைவனிடத்தும் அயலாரிடத்தும் அன்பை வளர்க்காத விளக்கம் எதுவோ, அதைத் தருபவர் சாஸ்திரத்தை இன்னும் உணரவில்லை.

அம்மையாரின் கேள்விக்கும் தெளிவான இடம் ஒன்று விவிலியத்திலேயே உண்டு. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கின்றனர். ஏறத்தாழ அம்மையார் கேட்ட அதே கேள்வி! இவனுமில்லை, இவனைப் பெற்றவர்களுமில்லை என்பதே ஏசுவின் விடை.

அன்று அவருக்கு யோபு நூலின் இறுதி அதிகாரத்தையும், யோவானின் இந்தப் பகுதியையும் படித்துக் காட்டினேன். யோபுவின் நண்பர்களைப் பற்றிய இன்னொரு செய்தியையும் சொன்னேன். அவர்கள் வந்தவுடன் வாதம் தொடங்கவில்லை. ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவுடன் தரையில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தனர். வாய் திறக்கும்வரை அவர்கள் உண்மையான நண்பர்களாகவே இருந்தனர். அம்மையார் ஒன்றும் கூறவில்லை. நாங்கள் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்திருந்தோம்.

அன்பர்களே, எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் ஒரு வாக்கியத்தைப் பிறருக்கு எடுத்துக் கூறுமுன் சற்றே நில்லுங்கள். இதைப் பேசுபவர் யார்? முன்னும் பின்னும் என்ன உள்ளது? இது நூலின் கருத்தா, என் விருப்பமா? என் எதிரே இருப்பவரின் உள்ளத்தில் இது அன்பை வளர்க்குமா? விடை தெளிவாகாதபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, துயருறுபவரின் அருகில் அமர்ந்திருப்போம்.