மரத்துக்கு நோகாமல்

நல்ல கத்தி எது? பிளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் சாக்ரடீஸ் இதைத் தொட்டுப் போகிறார். திராட்சைக் கொடியை எந்தக் கத்தியாலும் நறுக்கலாம். அதற்கென்றே செய்த கத்திதான் அதை நன்றாக நறுக்கும். தன் வேலையைச் செவ்வனே செய்வதுதான் ஒரு பொருளின் சிறப்பு என்பது அவர் வாதம்.

அந்தக் கணக்கில், ஜொகூர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பிடித்த பால்வெட்டுக் கத்தியை மிஞ்ச ஆளில்லை. நுனி மடங்கிய அந்தக் கத்தி பட்டறையில் பாதிதான் உருவாகும். மீதியைக் கல்லில் தீட்டித் தீட்டி, அவரவர் கைக்கு ஏற்றபடி அவரவரே செய்துகொள்ள வேண்டும்.

1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் முறையைச் சோதித்துக் கண்டார். பழைய வெட்டின் விளிம்பிலேயே மறுபடியும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் படலம் இருக்கிறது. கத்தி அதில் பட்டால் காயம். பட்டை முண்டு முண்டாக வளரும். அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கை நிற்க வேண்டும். அதுவும் விடியுமுன், விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில்.

இங்கே சாக்ரடீஸிடம் ஒரு கேள்வி. வேலை யாருக்காக? மரம் துரையுடையது. காயம் பட்டால் மண்டோரிடம் ஏச்சு. பட்டைக்கு மில்லிமீட்டர் கணக்கு இருந்தது. கத்தி பிடித்தவரின் முதுகுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? அப்படியென்றால் 'நல்லா வெட்டுற கை' என்ற பெயர் அவர்களைக் கட்டிப்போட்ட கயிறுதானா?

சிலர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. மண்டோர் எட்டிப் பார்க்காத நிரையிலும் மரத்துக்கு நோகாமல் வெட்டியவர்கள் உண்டு. அந்தக் கவனத்துக்குச் சம்பளம் கிடையாது. துரையால் அதை வாங்கவும் முடியாது. அது அவர்களுடைய சொத்து.

அதற்காக 'ஆகா, என்ன கைத்திறன்' என்று உருகி அதோடு விட்டுவிடுவதும் தப்பு. ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்றைக்கு வீடுகளும் காபிக் கடைகளும். அங்கே ஒரு சுவரில் பழைய பால்வெட்டுக் கத்தியை மாட்டினால் அழகாகத்தான் இருக்கும். தாராளமாக மாட்டுங்கள். அதைப் பிடித்தவருக்கு நாள்கூலி எவ்வளவு என்பதையும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.