புல்லுப் புடுங்கவா படிப்பித்தோம்?

"உயர்தரம் மட்டும் படிப்பிச்சது புல்லுப் புடுங்கவா, சுவாமி?" கல்குடாத் தந்தை ஒருவர் அண்மையில் நம்மிடம் இப்படிக் கேட்டார். அவருடைய மகனுக்கு உல்லாச விடுதி ஒன்றில் பூந்தோட்ட வேலை கிடைத்திருந்தது. அவர் குரலில் கோபத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது. அந்த வெட்கம் நியாயமானதுதானா?

1978 நவம்பர் 23 இல் சூறாவளியும், பின்னர் நீண்ட போரும், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும் கல்குடாக் கரையை உலுக்கின. 2009 இல் போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. விடுதி இருக்குமிடத்தில் தோட்டமும் வேண்டும். தோட்டத்துக்கு ஆளும் வேண்டும்.

அந்த ஆள் அறிய வேண்டியவை கொஞ்சமல்ல. மணல் நிலத்தில் ஊற்றிய நீரும் இட்ட பசளையும் தங்காமல் கீழே இறங்கிவிடும். ஆகவே, குழியின் அடியில் பொச்சுமட்டை புதைத்து ஈரம் காக்க வேண்டும். உப்புக் காற்றைப் பூவரசும் புன்னையும் தாழையும் தாங்கும். பிற நாட்டுப் பூஞ்செடிகள் பல கருகிவிடும். அடம்பன் கொடியைக் களையென்று பிடுங்கினால், அது கட்டிப் பிடித்திருந்த மணல் காற்றோடு போய்விடும். கரையோரத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. புல்தரைக்காக அதை அளவுமீறி இறைத்தால் அயலவரின் கிணறும் உவர்க்கும். எனவே தோட்டக்காரனின் அறிவு அவனுடைய பிழைப்பை மட்டும் சார்ந்ததன்று. அயலவரின் குடிநீரும் அதில் அடங்கியுள்ளது.

உழைப்பின் மதிப்பு செய்யும் வேலையின் வகையால் வருவதன்று, அதைச் செய்பவன் மனிதன் என்பதால் வருவது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில் போதித்தார். ஆயினும், உழைப்பு மேன்மையானது என்று பிரசங்கித்துவிட்டு, உழைப்பவனை ஆயுள் முழுதும் நாட்கூலியாகவே வைத்திருப்பது நேர்மையாகுமா? அந்தத் தந்தை அஞ்சியது புல்லுக்கல்ல. தன் மகன் என்றைக்கும் கூலியாளாகவே நின்றுவிடுவான் என்பதற்கே. அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது.

அதற்குப் பரிகாரம் பயிற்சியும் சான்றிதழுமே. நம் நாட்டின் தேசிய தொழிற்தகைமை முறை ஏழு படிகளைக் கொண்டது. நிலையத்தில் பயின்றவர் மட்டுமன்றி, அனுபவத்தால் தொழில் கற்றவரும் தம் திறமையைச் சோதனைக்கு உட்படுத்தித் தகைமை பெற அதில் வழியுண்டு. தமக்குப் பொருந்துவது எதுவென்று நம் இளைஞர் தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரித்தறிய வேண்டும். விடுதி உரிமையாளருக்கும் ஒரு கடமை உண்டு. தோட்டத்தின் அழகால் விருந்தினரை ஈர்ப்பவர்கள், அந்த அழகை உண்டாக்கியவனுக்குப் பயிற்சி பெற ஓய்வும், திறமைக்கேற்ற ஊதியமும் கொடுப்பது தருமமல்ல, நீதி. பெற்றோரோ, மண்ணில் கைவைக்கும் தொழிலைத் தண்டனையாகப் பிள்ளைகளுக்குக் காட்டுவதை நிறுத்தட்டும்.

அந்தத் தந்தைக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "மகன் புல்லுப் புடுங்கட்டும். ஆனால் எதைப் புடுங்குவது, எதை விட்டுவைப்பது என்று கற்றுக்கொண்டு புடுங்கட்டும். அப்போது அவனைக் கூலியாள் என்று அழைக்க எவருக்கும் வாய் வராது."