புதிய ஊரும் பழைய கடனும்

சிறு குழந்தைகளை உடைய ஓர் இளங்குடும்பம், உற்றாரும் உறவினரும் இல்லாத ஒரு சிற்றூருக்குத் தன் விருப்பத்தின்பேரில் குடிபெயர்வது முறையாகுமா? இக்கேள்வி அண்மைக் காலத்தில் நம் இல்லங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணியைச் செய்யும் வழக்கம் பரவியது. அதனால் நகரத்தில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் சிலருக்கு நீங்கிவிட்டது. நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், சென்னையை விட்டுச் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள கோவிலூரில் குடியேற எண்ணியுள்ளனர். எட்டு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் அவர்களுக்கு உண்டு. கணவர் கணினிவழிப் பணி செய்பவர். மனைவியோ தாம் பார்த்துவரும் வேலையை விட்டுத்தான் வர வேண்டும்.

வீட்டிலுள்ள பெரியோர் இதனை விரும்பவில்லை. குழந்தைகளைக் கேளாமல் அவர்களுடைய பள்ளியையும் தோழமையையும் பறிப்பது தகுமா என்பது அவர்களுடைய முதல் வினா. மருமகள் அறியாத ஊரில் தனித்துப் போவாளே என்பது இரண்டாவது. மூன்றாவது வினாதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. ‘சிற்றூர்தான் வேண்டுமென்றால் வந்தவாசிப் பக்கம் நம் சொந்த ஊர் இல்லையா? அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜினாலயத்தில் பூஜை வேளைக்கு வந்து நிற்பவர் குறைந்துவிட்டனர். அதை விட்டு யாரோ ஒருவர் ஊருக்குப் போவானேன்?’ என்கின்றனர். இருதரப்பாரும் நம்மிடம் கருத்துக் கேட்டனர். அவர்களுக்குக் கூறியவற்றை, அதே நிலையிலுள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் அவ்வூரைப் பற்றிச் சிறிது காண்போம். கோவிலூர், கொற்றவாளீசுவரர் திருக்கோயிலாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழில் வேதாந்தக் கல்வியை வளர்த்து வந்த மடத்தாலும் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த செட்டிநாடு, குடிபெயர்தலைப் பற்றிப் பிற பகுதிகளைவிட மிகுதியாக அறிந்த நாடு. தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வந்தவர் என்பது நகரத்தார் போற்றும் மரபு. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அவர்கள் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்குத் தொழில் செய்யச் சென்றனர். ஆயினும் பெரும்பாலும் ஆடவரே சென்றனர். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவதும், மீண்டும் செல்வதும் வழக்கமாயிருந்தது. மனைவியும் மக்களும் செட்டிநாட்டு வீடுகளிலேயே இருந்தனர்.

குடும்பத்தை இடம்பெயர்க்காமல் இருப்பதே அறம் என்று கூறுவோர் இதனைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அம்முறைக்கும் ஒரு விலை இருந்தது. தந்தையின் முகத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை காணும் குழந்தையின் இழப்பை எந்த ஐந்தொகைக் கணக்கும் காட்டாது. மற்றொரு விலையும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தன. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் உடைமையாயிற்று. ஊரில் நிலம் இருந்தது. ஊராரோடு உறவு வேரூன்றவில்லை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகவே தாயகம் திரும்ப நேர்ந்தது. போருக்குப் பின் நில உரிமையும் போயிற்று. அங்குத் தொழில் செய்தவர் எல்லாரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. ஓர் ஊரிலிருந்து பயனைப் பெற்றுக்கொண்டு அதன் வாழ்வில் பங்கு கொள்ளாமல் இருப்பது எவ்வளவு நிலையற்றது என்பதற்கே இதனை எடுத்துக்காட்டுகிறோம்.

அதே காரைக்குடியில் வேறொரு வகைக் குடியேற்றமும் நிகழ்ந்தது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அறிவியலாளர் பலர் வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் இளங்குடும்பங்களோடு இந்த வறண்ட செம்மண் பூமிக்கு வந்தனர். ஆய்வகம் மட்டும் இருந்திருந்தால் அவர்களுள் பலர் நிலைத்திருக்க மாட்டார்கள். அழகப்பர் கல்லூரியையும் ஆசிரியர் பயிற்சியையும் பள்ளிகளையும் சேர்த்தே வளர்த்தார். பெரியவர்களை வரவழைப்பவர், அவர்தம் குழந்தைகள் எங்கே படிப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

விருப்பமின்றி வந்தவர்களையும் நாம் மறக்கலாகாது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகள், பாட்டன் பெயரளவில் அறிந்திருந்த நாட்டிற்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இவர்களை எவரும் ‘போகலாமா?’ என்று கேட்கவில்லை. ஆதலால், தேர்ந்தெடுக்கும் உரிமையோடு குடிபெயர்பவர் தமக்குக் கிடைத்துள்ள அவ்வுரிமையின் அருமையை முதற்கண் உணர வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்கே பொறுப்பும் மிகுதி.

இனிப் பெரியோரின் வினாக்களுக்கு வருவோம். குழந்தைகளின் இசைவைப் பெறாமல் குடிபெயரலாமா? நான்கு வயதுக் குழந்தையிடம் இசைவு கேட்பது பொருளற்றது. அக்குழந்தை சென்னையில் வளர்வதற்கும் இசைவு தந்ததில்லை. குழந்தைகளுக்காக முடிவு செய்வதிலிருந்து பெற்றோர் ஒருபோதும் தப்ப இயலாது. ஆனால் இசைவு கேட்பது வேறு; செவி கொடுப்பது வேறு. எட்டு வயது மகளுக்கு, ஏன் போகிறோம், எதை இழப்போம், எது கிடைக்கும் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். ‘அங்கே எல்லாம் நன்றாக இருக்கும்’ என்று பொய்யுறுதி கூறலாகாது. அவள் அழுதால், அழுகையைத் தவறென்று கண்டிக்கவும் கூடாது.

ஆசிரியர் பயிற்சியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு பாடத்தைப் பின்னர் வகுப்பறையில் பலமுறை மெய்யாகக் கண்டோம். புதிதாக வந்த குழந்தை முதல் சில வாரங்கள் பேசாதிருந்தால், அது மந்தம் அன்று. அக்குழந்தை ஊரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் இல்லங்களில் தந்தையை ‘அப்பச்சி’ என்றும், பாட்டனாரை ‘ஐயா’ என்றும், தமக்கையை ‘ஆச்சி’ என்றும் அழைப்பர். பிற பகுதியிலிருந்து வரும் குழந்தைக்குத் தமிழே புதுமொழி போலத் தோன்றும். அதனைக் கற்க அதற்குக் காலம் தர வேண்டும். ஆண்டின் இடையில் பள்ளி மாற்றாமல், கோடை விடுமுறையில் சென்று ஊரைப் பழகி, ஜூன் மாதத்தில் மற்றக் குழந்தைகளோடு வகுப்பில் அமர்வதே நன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கக் கல்வியில் மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுத்தலும் தள்ளிப்போடுதலும் கூடா. பெற்றோர் இதனையும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது வினா தாயைப் பற்றியது. நம் சமுதாயத்தில் ஒரு பெண் திருமணத்தால் ஏற்கெனவே ஒருமுறை ஊர் பெயர்ந்தவள். புகுந்த இடத்தில் அக்கம்பக்கத்தாரையும் வேலையையும் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டவள். இரண்டாம் முறையும் அவளே எல்லாவற்றையும் விட வேண்டுமெனில், ‘குடும்பம் குடிபெயர்ந்தது’ என்று சொல்வது முழு உண்மையாகாது. கணவரின் பணி கணினியோடு அவர் கூடவே வருகிறது. மனைவியின் பணி சென்னையிலேயே நின்றுவிடுகிறது. கணவருக்குக் கிடைக்கும் அமைதியை மனைவியின் தனிமையைக் கொண்டு வாங்குதல் நேர்மையன்று. அதுவும் ஒருவகை இம்சையே என்று நாம் கருதுகிறோம். அவர் செய்யத்தக்க பணி காரைக்குடியில் உண்டா என்பதை வீடு பார்ப்பதற்கு முன்னரே தேட வேண்டும். ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கணவர் கேட்டபோது அவர், ‘உங்கள் விருப்பம்’ என்றாராம். அது விடையாகாது. தயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருந்தால்தான், அவர் சொல்லும் ‘சரி’ என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது வினாவை நம் வாசகர்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டங்களில் உள்ள நம் ஊர்களில் முதியோர் மட்டுமே வாழும் வீடுகள் பெருகிவிட்டன. அங்கே ஓர் இளங்குடும்பம் திரும்பினால் எத்துணை மகிழ்ச்சி! ஆயினும் இதனை வலியுறுத்துவோர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வூர்களை விட்டு முதலில் புறப்பட்டவர் யார்? பிள்ளைகளின் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் நம் தலைமுறையும் அடுத்த தலைமுறையுமே புறப்பட்டன. அது தவறன்று. ஆனால் பலர் சேர்ந்து காலி செய்த ஊரை ஓர் இளங்குடும்பம் மட்டும் நிரப்ப வேண்டும் என்பது நியாயமாகாது.

அதற்காகச் சொந்த ஊரின் கடன் நீங்கிவிடுமா? நீங்காது. இங்கே செட்டிநாடே நமக்கு ஒரு வழி காட்டுகிறது. நகரத்தார் தம் கோயிலைச் சேர்ந்த ஒவ்வொரு மணமான தம்பதியையும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் வைப்பர். சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அப்புள்ளி தன் ஊரின் கணக்கில் உண்டு. புள்ளி வரியும் செலுத்தும். மகனுக்கு மணமானதும் ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துத் தரும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. இளையவருக்குத் தனி வாழ்வு உண்டு, உறவும் அறாது என்பதற்கு இதனினும் தெளிந்த ஏற்பாடு வேண்டுமோ? நம் இளங்குடும்பத்தார் கோவிலூரில் வாழட்டும். ஆனால் வந்தவாசிப் பக்கத்து ஊரின் கணக்கிலும் ஒரு புள்ளியாக நிற்கட்டும். ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளோடு செல்லட்டும். பூட்டிய வீட்டைத் திறந்து சில நாள் தங்கட்டும். பூஜைச் செலவில் தம் பங்கைத் தவறாமல் அனுப்பட்டும். சென்னையில் வாழும் பெரியோரும் இதனையே செய்யலாம். தாம் செய்துவிட்டு இளையோரைக் கேட்கலாம்.

பெரியோர் கேளாத ஒரு வினாவை நாம் சேர்க்க விரும்புகிறோம். இக்குடும்பம் வருவதால் கோவிலூருக்கு என்ன ஆகும்? நகரத்து வருமானத்தோடு வருபவர் கேட்ட வாடகையைக் கொடுத்துவிடுவர். அதனால் உள்ளூரில் கூலி வேலை செய்பவருக்கு வீடு கிடைப்பது அரிதாகலாம். செட்டிநாடு மழையை நம்பிய பூமி. முற்றத்தில் விழும் நீரைச் சேர்த்தும், ஊருணிகளை வெட்டிக் காத்தும் வாழ்ந்த ஊர்கள் அவை. குடிநீர் ஊருணியில் காலை நனைப்பதும் துணி துவைப்பதும் கூடா என்பது அங்குள்ள கட்டுப்பாடு. ஆழ்துளைக் கிணறு ஒன்றைத் தோண்டிவிட்டால் இக்கட்டுப்பாடுகள் நமக்கு இல்லை என்று எண்ணுவது பண்பாகாது. மேலும், ‘நீங்கள் என்ன சாதி?’ என்று எவரேனும் கேட்பர். சிற்றூர் என்பது ஒரே ஊரன்று. தெருவுக்குத் தெரு வேலி உண்டு. அவ்வேலிகளை ஏற்றுக்கொண்டு வசதியாக வாழ்வதா, எல்லாத் தெருக் குழந்தைகளும் தம் வீட்டு வாயிலில் வந்து விளையாட இடம் தருவதா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்ய நேரும். குழந்தைகள் அங்கே கற்கும் முதற்பாடம் அதுவாகவே இருக்கும்.

நம் முன்னோர் இல்லறத்தாருக்கு வகுத்த விரதங்களுள் திக்விரதம் ஒன்று. இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது அது. செல்லும் இடமெல்லாம் நம்மால் உயிர்களுக்கு ஏதேனும் ஊறு நேரும் என்ற அச்சமே அதன் அடிப்படை. குடிபெயர்வதையே அது தடுப்பதாக நாம் கொள்ளவில்லை. போகும் இடத்தில் நம் சுமை யார்மீது விழும் என்று எண்ணிப் போ என்பதே அதன் உட்பொருள். கோவிலூரிலிருந்து சில மணி நேரத்தில் சென்று திரும்பத்தக்க சித்தன்னவாசல் குகையில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. அவ்வூர் மக்கள் அளித்த உணவால் வாழ்ந்தார்கள். அதிலும் அளவோடு பெற்றார்கள்.

ஆகவே, குடிபெயர்வது தகுமா என்ற வினாவுக்கு, தகும் என்பதே நம் விடை. ஆனால் தாயின் வேலைக்கு வழி காணும் வரை புறப்பட வேண்டாம். மகளுக்கு உண்மை சொல்லாமல் புறப்பட வேண்டாம். சென்னை வீட்டை உடனே விற்றுவிடவும் வேண்டாம். ஒரு பள்ளியாண்டு முழுவதும் வாழ்ந்து பார்த்து, அதன் முடிவில் மனைவியையும் மகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். திரும்பலாம் என்று அவர்கள் சொன்னால், அதனைத் தோல்வியெனக் கருதாமல் கணவர் ஏற்க வேண்டும். இதற்கு முன்கூட்டியே உடன்படுவாரானால், பெரியோர் வாழ்த்தி அனுப்பலாம். அனுப்பிய பின், மாதம் ஒருமுறையேனும் தொடர்வண்டி ஏறிப் பேரக்குழந்தைகளைப் போய்ப் பார்த்து வருவது அவர்களுடைய கடமை.