குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள் – மஞ்சூர் ஜும்ஆ பயான்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! போன வாரம் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் மஸ்அலா கேட்க வந்தார். பந்தலூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோண்டிப் போட்ட பூமி. பள்ளத்தை மூடி, மேலே செம்மண் பரப்பி, தேயிலை நாற்று வைத்தால் பச்சையாகிவிடும், நல்ல விலைக்குப் போகும். "வாங்குகிறவரிடம் பழைய கதையைச் சொல்லத்தான் வேண்டுமா ஹஜ்ரத்?" என்றார்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவம் நமக்குத் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மேலே காய்ந்த தானியம்; உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். மூடிய சுரங்க நிலத்தின் மேல் பரப்பிய செம்மண்ணும் அந்தக் காய்ந்த தானியம் போன்றதுதான்.

நம் குந்தாவில் சுரங்கம் என்றால் மின்சாரத்துக்குத் தண்ணீர் போகும் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். தேவாலா, பந்தலூர் பக்கம் கதை வேறு. 1880-ஐ ஒட்டி அங்கே தங்க வேட்டை நடந்தது. லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். பூமிக்குள் இருந்ததைவிடக் காகிதத்தில்தான் தங்கம் அதிகம்! சில வருடங்களில் எல்லாம் சரிந்தது.

வெண்கல்லை உடைத்துப் பொடியாக்கி, பாதரசத்தைக் கொண்டு தங்கத்தைப் பிரிப்பது அந்தக் காலத்து வழக்கம். பாதரசம் மண்ணில் மக்கிப் போகாது. கல்லோடு வெளியே வரும் கந்தகம் கலந்த கனிமங்கள் காற்றும் மழையும் பட்டால் அமிலமாக மாறும். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும்தான். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. அதற்கும் வெகுவாகக் கீழே போனால் தேயிலையும் தாங்காது. கிழங்கு, கேரட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அல்அஃராஃப் சூராவின் 58-வது ஆயத்தில் நல்ல பூமி தன் இறைவன் அனுமதியால் செழிப்பாக விளைவிக்கும், கெட்டதில் அற்பமாகவே முளைக்கும் என்று அல்லாஹ் கூறுகிறான். இதை உள்ளத்துக்கு உவமையாகச் சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். இன்று மண்ணையே பேசுவோம். இரண்டு ஆயத்துக்கு முன்னால், சீர் செய்யப்பட்ட பூமியில் ஃபஸாத் செய்யாதீர்கள் என்ற கட்டளையும் இருக்கிறது.

கெட்ட பூமியைத் திருத்த முடியாதா? முடியும். நெய்வேலிக்குப் போய்ப் பாருங்கள். 1956-ல் தொடங்கிய நிறுவனம் அது. பழுப்பு நிலக்கரிக்காக ஆழத்திலிருந்து மேலே கொட்டிய மண்ணில் மக்கு இல்லை, மண்புழு இல்லை. அந்த மண்ணை முதலில் சோதித்து, குறை என்னவென்று அறிந்து, எருவும் பசுந்தாளும் சேர்த்து மரம் வளர்த்தார்கள். பொதுவாகக் கனிமச் சுரங்கங்களில் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து, நிலத்தைத் திருத்தப் பயன்படுத்த வேண்டும் என்று 2017-ன் கனிம விதிகளும் சொல்கின்றன. தோண்டும் முன்பே எடுத்துவைக்காவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது?

ஆகவே அப்படிப்பட்ட நிலத்தை வாங்குகிறவர் முதலில் மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். நிறம் எங்கே மாறுகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே ஓடி மறைகிறதா, மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறதா? சாதாரணத் தோட்டத்தில் பத்து இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோ கொடுப்போம். தோண்டிய நிலத்தில் அப்படிக் கலக்காதீர்கள். பத்தடிக்குப் பத்தடி மண் மாறும். நல்லதோடு கலந்தால் கெட்டது ஒளிந்துகொள்ளும். தனித்தனிப் பையில், மேல்மண் வேறு, உள்மண் வேறாகக் கொண்டுபோங்கள். குன்னூரில் உபாசி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் பாதரசம் பார்க்க மாட்டார்கள். அதை எங்கே பார்க்கலாம் என்பதையும் கேட்டு வாருங்கள். (அந்தப் பக்கம் பத்திரத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டும், அதை இன்னொரு ஜும்ஆவில் பேசுவோம்.)

விற்கிறவர் தெரிந்த குறையைச் சொல்லியே தீர வேண்டும். மறைத்து விற்றால், பின்னால் குறையைக் கண்டவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஷரீஅத் உரிமை தருகிறது. இதைத்தான் அந்தச் சகோதரரிடமும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். மகளின் நிக்காஹ்வுக்காக விற்கிறார் என்பது எனக்கும் தெரியும். "சொல்லிவிட்டே விற்கிறேன் ஹஜ்ரத்" என்றார். விலை குறையும். குறையும் அந்தப் பணத்துக்குப் பகரமாக அல்லாஹ் அவர் குடும்பத்தில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.