ஏமாந்தவரின் குற்றமும் ஏமாற்றியவரின் குற்றமும்

வேலைக்கென்று பணங்கட்டி யாரோ ஒருவர் ஏமாந்து போனார் என்ற செய்தி ஊருக்குள் வந்ததும், நம்மவர் வாயில் முதலில் வருகின்ற சொல் 'பேராசை' என்பதுதான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும், ஹட்டன் பஸ் தரிப்பிடத்துத் தேநீர்க் கடைகளிலும் இந்தத் தீர்ப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "படிச்ச புள்ளதானே, கொஞ்சம் யோசிக்க வேணாமா?" என்பார்கள். ஏமாற்றியவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் முகம் தெரியாதவன். முகம் தெரியாதவனைத் திட்டுவதில் சுவாரஸ்யம் இல்லை. ஏமாந்தவனோ பக்கத்து லயத்தில் இருப்பவன், அல்லது பக்கத்துக் கடைக்காரரின் மகன். ஆகவே தண்டனை அவனுக்கே கிடைக்கிறது. இது நீதிதானா என்பதே இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

தேவைக்கு மேல் விரும்புவதையே பேராசை என்கிறோம். தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக உயர்த்துவதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, ரூபாவின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடிக் கடல் கடந்தனர். அவர்கள் அனைவரையும் பேராசைக்காரர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. உண்மையான வேலைக்குப் போனவனும் பொய்யான வேலைக்குப் போனவனும் ஒரே ஆசையோடுதான் வீட்டுப் படியிறங்கினார்கள். ஒருவனுக்கு வாய்த்தவர் உண்மையான முகவர், மற்றவனுக்கு வாய்த்தவர் போலி. போய்ச் சேர்ந்தவனைக் 'கெட்டிக்காரன்' என்றும் மாட்டிக்கொண்டவனைப் 'பேராசைக்காரன்' என்றும் நாம் பிரிப்பது விளைவை வைத்துத்தான். விளைவை வைத்து எண்ணத்தை அளப்பது நேர்மையான அளவையாகாது.

மலையகத்தில் வாழும் எவருக்கும் இந்தக் கதை புதியதல்ல. எங்கள் பாடசாலையில் படிக்கின்ற பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்மார் இந்த மலைக்கு வந்தது ஒரு வேலை விளம்பரத்தை நம்பித்தான். அது அச்சில் வந்த விளம்பரமல்ல, கங்காணியின் வாயில் வந்தது. தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள் என்ற பேச்சு இன்றும் தோட்டங்களில் வழங்குகிறது. பஞ்சத்தில் வாடிய தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழைகள் அதை நம்பி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்தனர். கொள்ளைநோயிலும் களைப்பிலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் கணக்கில் பயணச் செலவும் முற்பணமும் கடனாக ஏறியிருந்தன. அந்தக் கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்ற காகிதத்தோடு, தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றப்பட்டான். 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த மூதாதையரைப் பற்றிப் பேசும்போது நாம் எவரும் 'பேராசைக்காரர்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 'வஞ்சிக்கப்பட்டவர்கள்' என்றே சொல்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முந்தியவருக்கு வழங்கும் அந்த நியாயத்தைச் சென்ற ஆண்டு ஏமாந்தவனுக்கு வழங்க நாம் ஏன் தயங்குகிறோம்?

துண்டு ஒழிந்தாலும் அதன் தத்துவம் ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டு தொடக்கம், தாய்லாந்தில் கணினி வேலை, தரவு உள்ளீட்டு வேலை என்று இணையத்தில் வந்த அறிவிப்புகளை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் பலர், சுற்றுலா வீசாவில் பேங்கொக்கில் இறங்கி, மே சொட் எல்லை நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மொய் ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இணையத்தின் வழியே பிறரை ஏமாற்றுவது. மறுத்தவர்கள் அடித்து வதைக்கப்பட்டனர். விடுதலைக்குப் பெருந்தொகை கேட்கப்பட்டது. ஒரு முகாம் இன்னொரு முகாமுக்கு ஆட்களை விற்றது. கடன் எழுதிய காகிதத்தோடு மனிதனைக் கைமாற்றிய அதே வியாபாரந்தான் இது. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. அகப்பட்டவர்களில் பலர் நன்கு கற்றவர்கள், பல மொழி தெரிந்தவர்கள், கணினி அறிந்தவர்கள் என்பதையும் அந்த அறிக்கை சுட்டியது. அத்தகையவர்களே அந்த முகாம்களுக்குத் தேவைப்பட்டார்கள். 'படித்தவன் ஏமாறலாமா' என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே படிப்பையே தூண்டிலில் இரையாகக் கோர்த்திருந்தார்கள்.

அப்படியானால் ஏமாறுபவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது குற்றப் பொறுப்பல்ல, விழிப்பின் பொறுப்பு. இவ்விடத்தில் மார்க்கப்பற்றுள்ள சிலருக்கு ஒரு தயக்கம் எழுவதை அறிவேன். வேலை தருவதாகச் சொல்லும் ஒருவரைச் சந்தேகிப்பது பாவமல்லவா, நல்லெண்ணம் வைப்பதல்லவா முஃமினின் பண்பு என்பார்கள். அல்குர்ஆனின் ஸூரத்துல் ஹுஜுராத் இதற்கு அழகான விடையை வைத்திருக்கிறது. அதன் பன்னிரண்டாம் வசனம் அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு கட்டளையிடுகிறது. அதே ஸூராவின் ஆறாம் வசனமோ, நம்பத்தகாதவர் ஒரு செய்தியோடு வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்று பணிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது மனிதரின் அந்தரங்கத்தைப் பற்றியது; இரண்டாவது செய்தியின் உண்மையைப் பற்றியது. ஒரு மனிதனைக் கெட்டவன் என்று நினைக்காமலே அவன் கொண்டுவந்த காகிதத்தைப் பரிசோதிக்கலாம். நேர்மையானவன் அதனால் கோபிக்கமாட்டான். 'என்னை நம்பவில்லையா?' என்று கோபிப்பவனிடந்தான் இரண்டாம் முறையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரிப்பது எப்படி? முன்னாள் மாணவர்கள் கைத்தொலைபேசியை நீட்டி, "சேர், இது உண்மையா?" என்று கேட்கும்போது, நான் அவர்களிடம் ஒரேயொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "இந்த ஒப்பந்தத்தில் நட்டப்படக்கூடியவர் யார்?" தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபியவர்கள் (ஸல்) காட்டித் தந்த நீதி. போலி வேலைக்காரனோ வியர்வை சிந்துமுன்னரே தொழிலாளியிடமிருந்து வாங்கிவிடுகிறான். பதிவுக் கட்டணம், வீசாக் கட்டணம், மருத்துவக் கட்டணம் என்று ஒவ்வொரு பெயராலும் பணம் ஒரு திசையிலேயே போகிறது. அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கல்ல, ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்குக்கு. நேர்முகப் பரீட்சை வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தகைமை கேட்பதில்லை, சம்பளமோ மிக அதிகம். 'இன்றே கடைசி நாள்' என்ற அவசரம் வேறு. அவசரப்படுத்துவது எதற்காக? விசாரிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான். டெலிகிராமில் வருகின்ற 'வீட்டிலிருந்தே வேலை' இன்னும் தந்திரமானது. காணொளிகளுக்கு விருப்பக்குறி இடச் சொல்லி முதலில் சில நூறு ரூபாவை உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வளர்ந்த பின்னர், பெரிய இலாபத்துக்கு முதலில் வைப்புச் செய்யுங்கள் என்பார்கள். முதலில் கிடைத்த சில நூறும் கங்காணியின் முற்பணமும் ஒரே இனம்.

வெளிநாட்டு வேலையாயின் பரிசோதிக்க வழி உண்டு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் வெளிநாட்டுக்கு ஆட்சேர்ப்புச் செய்ய முடியாது. முகவரின் அனுமதி இலக்கம் செல்லுபடியாகுமா, அந்தக் குறித்த வேலைக்குப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். அரசாங்கங்களுக்கிடையிலான உடன்படிக்கையின்படி நடக்கும் கொரிய வேலைத் திட்டத்தில் தனியார் முகவருக்கு இடமே இல்லை. அதற்குப் பணம் கேட்பவன் பொய்யன் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற சொல் வந்தால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

இனி நாம் அதிகம் பேச விரும்பாத பக்கத்துக்கு வருகிறேன். இணையத்தில் விளம்பரம் போடுகிறவன் எங்கோ இருக்கலாம். ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் நம்மில் ஒருவர். உப முகவர் நமது மொழி பேசுகிறார், நமது சலாத்தைச் சொல்கிறார், நமது பள்ளிவாசலின் ஸப்பில் நிற்கிறார். மூதூர் ரிஸானா நபீக்கை நாம் மறந்திருக்க முடியாது. 1988இல் பிறந்த அந்தப் பிள்ளையை 1982இல் பிறந்தவராகக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடே அழுதது. அழுத கண்ணீர் முழுவதையும் அந்நிய நாட்டு நீதிமன்றத்தின் மீதே நாம் கொட்டினோம். அந்தப் பொய்ப் பிறந்த திகதி எழுதப்பட்டது சவூதியிலல்ல, இங்கே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியிருந்த வியாபாரியின் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று நபியவர்கள் (ஸல்) கண்டித்த சம்பவத்தை மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். தானியத்துக்கே அந்தக் கண்டிப்பென்றால், ஒரு பிள்ளையின் வயதை மறைப்பவனுக்கு?

ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே துணைபோகிறவர்களும் இருக்கிறார்கள். 'யாருக்காவது உதவட்டும்' என்று, வந்த வேலை அறிவிப்பையெல்லாம் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நன்மை செய்யும் நோக்கந்தான். ஆனால் மௌலவி ஒருவர் அல்லது ஆசிரியர் ஒருவர் அனுப்பிய செய்திக்கு, அவர் அறியாமலே அவருடைய பெயர் சாட்சியாகிவிடுகிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்து வட்ஸ்அப் காலத்துக்கு மிகவும் பொருந்தும். தெரியாத செய்தியை அனுப்பாமல் விடுவதும் ஓர் உதவிதான்.

கடைசியாக மிகவும் கடினமான கேள்வி. மியாவாடி முகாமில் அடிக்குப் பயந்து முகந்தெரியாத ஒருவரின் சேமிப்பைப் பறித்த நம் இளைஞன் குற்றவாளியா? சித்திரவதை தாங்காமல் நாவால் மாத்திரம் மறுத்துரைத்த அம்மார் பின் யாஸிர் (ரழி) அவர்களின் நிலை அல்குர்ஆனில் மன்னிக்கப்பட்டதை அறிவோம். அதேவேளை, வற்புறுத்தல் என்பது பிறர் உயிரைப் பறிக்க நியாயமாகாது என்று சட்ட அறிஞர்கள் எல்லை வகுத்தார்கள். பொருள் இழப்பில் எவ்வளவு பொறுப்பு வற்புறுத்தியவனைச் சாரும் என்பதையும் விரிவாக ஆராய்ந்தார்கள். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அந்த இளைஞன் தண்டனைக்குரியவனல்லன். ஆனால் பணத்தை இழந்த அந்த முகந்தெரியாதவரும் ஏமாந்த மனிதரே என்பதை அவன் மறக்கலாகாது. மீண்டு வந்தவன் அந்த வலையின் இரகசியங்களை வாய்திறந்து சொல்வதே, அவனால் செலுத்தக்கூடிய பரிகாரம்.

அவன் வாய்திறக்க வேண்டுமாயின் நாம் 'பேராசைக்காரன்' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கத்தால் மௌனமாக இருக்கும்வரை, அதே முகவர் அடுத்த தெருவுக்குப் போவார், அதே விளம்பரம் பெயர் மாறி வரும். நமது ஏளனம் ஏமாற்றுகிறவனுக்கு நாம் சம்பளமின்றிச் செய்யும் காவல் வேலையாகிவிடுகிறது. பசித்தவனிடம் மாத்திரம் நிதானத்தை எதிர்பார்ப்பது முறையல்ல. விசாரிக்கும் கடமை, வயிறு நிறைந்து, நேரமும் எழுத்தறிவும் வாய்த்து அவன் பக்கத்தில் இருக்கின்ற நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும்.