சொத்தும் கடனும்

முன்னோர் விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் ஏற்றுக்கொள்கிற ஒருவன், அவர்கள் வைத்துவிட்டுப் போன கடனை மட்டும் ஏற்க மாட்டேன் என்று சொல்லலாமா? கூடாது என்றது நமது பழைய தர்ம சாஸ்திரம். தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்று அது விதித்தது. நீதிமன்றங்களும் வெகுகாலம் அதை ஒப்புக்கொண்டு வந்தன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட கடன்களுக்கு அந்த விதி செல்லாது. ஆனால், அந்தச் சாஸ்திரத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. சூது முதலிய தகாத காரியங்களுக்காகத் தகப்பன் பட்ட கடன் மகனைக் கட்டுப்படுத்தாது.

வீடு, நிலம் விஷயத்தில் இந்த விலக்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. கலை விஷயத்தில் அப்படித்தானா? கேட்கக் கேட்க இனிக்கிற ஒரு சங்கீதம், தகாத காரியம் ஒன்றோடு கூடப் பிறந்து நம் கைக்கு வந்து சேருகிறது. இனிமையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமா? பான்ஜோ என்கிற வாத்தியத்தைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது.

பான்ஜோ என்றதும், தட்டச்சுப் பொறியைப் போல் பொத்தான்கள் வரிசையாக அமைந்த புல்புல்தாரா சிலருக்கு நினைவு வரலாம். அதையும் நம் நாட்டில் பலர் பான்ஜோ என்றே சொல்கிறார்கள். நான் சொல்லும் அமெரிக்க பான்ஜோ வேறு. கஞ்சிராவைப் போல் தோல் போர்த்திய வட்டமான உடல்; நீண்ட கழுத்து; ஐந்து தந்திகள். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடக் குட்டையானது; அதைக் கட்டைவிரல் மீட்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், நரம்புத் தந்திகளை வெறும் விரல்களால் மீட்டி, அச்சிட்ட இசைத்தாள்களைப் பார்த்து வாசித்த ஒரு முறை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கொடி கட்டிப் பறந்தது. அதைத்தான் இன்று ‘கிளாசிக் பான்ஜோ’ என்கிறார்கள். ஜோ மார்லி (1867–1937) என்ற ஆங்கிலேயர் அதற்கென்றே ஏராளமான உருப்படிகள் இயற்றினார். வெஸ் ஆஸ்மன் (1868–1923), ஃப்ரெட் வான் எப்ஸ் (1878–1960) என்ற அமெரிக்கர்கள் மெழுகு உருளைகளில் வாசித்துப் புகழ் பெற்றார்கள். மின்சார ஒலிவாங்கி வராத அந்தக் காலத்தில், தகரக் குழாயின் முன்னால் உட்கார்ந்து வாசித்தாலும் தெளிவாகப் பதியும் கூர்மை பான்ஜோவுக்கு இருந்தது. ஓர் உருளையில் இரண்டு நிமிஷமே அடங்கும். பிரதி எடுக்கும் வசதி சரியாக அமையாத ஆரம்ப வருஷங்களில், ஒரே உருப்படியை வித்வான் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்ததாம்!

1920-களில் ஜாஸ் இசை வந்தது. நான்கு தந்தி பான்ஜோவும் வில்லையால் மீட்டும் முறையும் வந்தன. பழைய முறை மூலைக்குப் போயிற்று. ஆனாலும் அது சாகவில்லை. 1948-இல் அமெரிக்காவில் சில அன்பர்கள் கூடி, அதைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் அங்கும் இங்கிலாந்திலும் இருக்கிற ஒரு சிறு கூட்டம், பழுப்பேறிய இசைத்தாள்களைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறது. பழைய ஒலிப்பதிவுகளைப் பரிமாறிக்கொள்கிறது. கூடி உட்கார்ந்து வாசித்து மகிழ்கிறது. காசும் இல்லை, புகழும் இல்லை. தாம் ரசித்ததைப் பிறரும் ரசிக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். கலிபோர்னியாவில் சாண்டா பார்பராப் பல்கலைக்கழகம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மெழுகு உருளைகளின் ஒலியை எல்லோரும் கேட்கும்படி திறந்து வைத்திருக்கிறது. எழுதி ஓய்ந்த இரவுகளில் இந்தப் பழைய வாசிப்புகளை நானும் கேட்கிறேன். மழைத் துளிகள் தகரக் கூரையில் துள்ளுவதுபோன்ற உற்சாகம் அதில் இருக்கிறது.

இது சொத்துக் கணக்கு. இனிக் கடன் கணக்கையும் பார்ப்போம்.

பான்ஜோ ஐரோப்பியர் கண்ட வாத்தியமல்ல. விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையையும் தோலையும் கொண்டு அதை உருவாக்கினார்கள். 1687-இல் ஜமைக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர், 1707-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய வாத்தியத்தின் படத்தைச் சேர்த்திருக்கிறார். தாமஸ் ஜெஃபர்ஸனும் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றே எழுதினார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்!

பிறகு நடந்ததுதான் வேதனை. 1843-இல் நியூயார்க்கில் நான்கு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைகளைப் போல் ஆடிப் பாடிக் கேலி செய்யும் ஒரு குழுவை மேடை ஏற்றினார்கள். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தக் கேலிக்கூத்து பல பத்தாண்டுகள் ஓடியது. எவனிடமிருந்து வாத்தியத்தைப் பெற்றார்களோ, அவனையே பரிகசிக்க அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். அதன் பின்னர், ஃபிலடெல்ஃபியாவில் பான்ஜோ செய்து விற்ற எஸ். எஸ். ஸ்டூவர்ட் (1855–1898) போன்றவர்கள் அதைக் கௌரவமான இல்லங்களின் கூடத்துக்கு ‘உயர்த்த’ப் பாடுபட்டார்கள். ஹொரேஸ் வெஸ்டன், ஜேம்ஸ் போஹீ போன்ற கறுப்பு வித்வான்கள் அந்தக் காலத்திலேயே மேதைகளாக விளங்கினார்கள். ஆனால், வாத்தியம் உயர உயர, அதைப் படைத்தவர்களின் ஞாபகம் தாழ்ந்துகொண்டே போயிற்று. அந்தப் பழைய இசைத்தாள்களைப் புரட்டினால், அருமையான மெட்டுகளின் தலையில், கறுப்பு மக்களை இழிக்கும் சொற்கள் தலைப்பாகக் குந்தியிருப்பதைக் காணலாம். மேலட்டைகளில் அருவருப்பான கேலிச் சித்திரங்களையும் காணலாம்.

இதைக் குறித்து நான் பேசியபோது ஒரு நண்பர் சொன்னார்: “ஸார், மெட்டுக்கு ஏது பாவம்? தலைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வாசிக்க வேண்டியதுதானே?” இன்னொருவர் அதற்கு நேர்மாறு. “அந்தக் குப்பையைக் கொளுத்திவிட்டு வேறு சங்கீதம் கேளுங்கள்” என்றார்.

இருவருமே நல்ல மனிதர்கள்தாம். ஆனால் இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்யச் சொல்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தலைப்பைக் கிழிக்கிறவர் குற்றத்தின் சாட்சியத்தை அழிக்கிறார். தாளையே கொளுத்துகிறவர் சாட்சியத்தோடு, அந்த மெட்டில் கலந்திருக்கும் அடிமை மக்களின் தாளத்தையும் கொளுத்துகிறார். இரண்டு வழியிலும் கடன் பத்திரம் மாயமாகிவிடும், கடன் தீராது.

“மாலை நேரத்தில் நிம்மதியாகப் பான்ஜோ வாசிக்கும் ஒரு கிழவருக்கு, இருநூறு வருஷத்துப் பாவக் கணக்கை வாசித்துக் காட்ட வேண்டுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கிழவர் யாரையும் இழிவுபடுத்தவில்லை. அவரைக் கூண்டில் ஏற்ற நானும் விரும்பவில்லை. ஆனால் அவர் தனக்காக மட்டும் வாசிக்கவில்லையே! பிரதி எடுத்து இளைஞன் ஒருவனிடம் கொடுக்கிறார். கொடுக்கிற கை நீளும்போதே பொறுப்பும் வந்துவிடுகிறது. மெட்டைக் கொடுக்கிறவர், அது வந்த வழியையும் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. ஒன்றைக் காப்பது வேறு. அதைக் கொண்டாடுவது வேறு. பெட்டகத்தில் எல்லாத் தாள்களும் தலைப்பு மாறாமல், படம் கிழியாமல் இருக்கட்டும். ஆனால் கேலி வரிகளைப் பாடி மகிழ வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. மெட்டை வாசிக்கத் தோன்றினால், வாசிக்குமுன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாசிக்கலாம். கேட்பவர்களில் ஒரு கறுப்பு மனிதர் இருந்தால் அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பதே உரைகல். சொல்ல முடியாததைப் பெட்டகத்திலேயே விட்டுவிடலாம்.

2005-ஆம் ஆண்டு வட கரோலினாவிலுள்ள பூன் என்ற ஊரில் கறுப்பினப் பான்ஜோ கலைஞர்கள் ஒரு மாநாடு கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் சிலர் அமைத்த குழு, பின்னர் 2011-இல் கிராமி பரிசு பெற்றது. அவர்களுடைய வாசிப்பு முறை கிளாசிக் முறையல்ல, கிராமத்து முறை. ஆனாலும், தங்கள் பாட்டன்மாரின் வாத்தியம் என்று உரிமையோடு அவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். கேலிக்கு அஞ்சி அவர்கள் அதை வெறுத்து ஒதுக்கியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஒதுக்கவில்லை. கறை படிந்த வரலாற்றை முழுக்கத் தெரிந்துகொண்டே, மகிழ்ச்சியோடு வாசித்தார்கள். சந்தோஷத்துக்கு அறியாமை அவசியமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டக்கூடும்?

தகாத காரியத்துக்குப் பட்ட கடன் மகனைச் சேராது என்ற பழைய விலக்கு, சொத்தைப் பங்கு போடும் சபையில் செல்லுபடியாகட்டும். கலையின் சபையில் அதைத் தலைகீழாகத்தான் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே முதலில் தீர்க்க வேண்டியதே தகாத காரியத்தின் கடன்தான். அதைத் தீர்க்கப் பணம் வேண்டாம். யாருடையது என்று சொல்லிவிட்டு வாசித்தால் போதும்.