பெயர் வைத்த கோழி

நாயையும் கிளியையும் செல்லப்பிராணி என்று சொல்ல நாம் கூச்சப்படுவதில்லை. கோழியை மட்டும் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். முட்டைக்கு, கறிக்கு, கைச்செலவுக்கு என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எங்கள் உடையார்கட்டில் எந்த வளவுக்குள் போனாலும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பேடு ஒன்றாவது நிற்கும். அதற்கு ஒரு பெயரும் இருக்கும். உண்ணக்கூடிய ஓர் உயிருக்குப் பெயர் வைத்த பின்னர், அதற்கு நாம் கடமைப்பட்டது என்ன?

கோழி வளர்த்தவர்களுக்கு அதன் இன்பம் தெரியும். அடைகிடக்கும் பேடு 21 நாளும் இரைக்கும் தண்ணீருக்கும் மாத்திரமே எழும்பும். குஞ்சு ஓட்டுக்குள் இருக்கும்போதே தாயின் குரலுக்குப் பதில் கொடுக்கும். வானத்துப் பருந்தைக் கண்டால் ஒரு குரல், தரையில் வரும் கீரியைக் கண்டால் வேறொரு குரல். நோர்வே நாட்டு ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலேயே கோழிகளைக் கவனிக்கத் தொடங்கியவர். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்றொரு வரிசை அவற்றுக்குள் உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதினார். அந்த வரிசை நிலைப்பதற்கு ஒரு கோழி மற்றக் கோழியை இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். நாம் பெயர் வைக்கு முன்னரே அவை ஒன்றுக்கொன்று தனித்தனி ஆட்கள்தாம்.

இன்பத்தோடு கவலையும் கூடவே வருகிறது. பகலில் பருந்து, இரவில் பாம்பு. ராணிக்கெட் நோய் வந்தால் சில நாட்களில் கூடே வெறுமையாகிவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் தீவனத் தட்டுப்பாட்டால் நாட்டின் பண்ணைகளே தடுமாறின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது. இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் கவலைகள். வீட்டுக்குள்ளேயே பிறக்கும் கவலை ஒன்றும் உண்டு.

தரம் 6 மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், கறிக்கு வளர்க்கிற கோழிக்குப் பேர் வைக்கலாமோ?” வகுப்பு சிரித்தது. முதல்நாள் அவள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவளுடைய சிவப்பி கறியாகிவிட்டது. தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வந்தவர்களை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவது வன்னியில் ஒரு குடும்பத்துக்கு மானப்பிரச்சினை. “வைக்கலாம் பிள்ளை. ஆனா பேர் வைச்ச ஆளைக் கேக்காமல் அறுக்கக் கூடாது” என்றேன்.

பெயர் வைக்காமலே விட்டுவிடுவது சுலபமான வழி. கடையில் வாங்கும் புறொயிலர் கோழிக்குப் பெயரில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் அதன் ஆயுள் முடிகிறது. முட்டையினக் கோழிகளின் சேவற்குஞ்சுகள் பல நாடுகளில் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜேர்மனியில் 2022இல்தான் அதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது. சிவப்பிக்காகக் கலங்கும் நாம் இவற்றுக்காகக் கலங்குவதில்லை. பெயரில்லாததால் அவற்றின் வேதனை குறைந்துவிடவில்லை. குறைந்தது நம்முடைய வேதனைதான்.

கோழியை உண்ணாமலே வளர்த்தவர்களும் இருந்தார்கள். பண்டைய பிரித்தானியர் கோழியை உண்பது தகாது என்று கருதி, மனமகிழ்ச்சிக்காகவே வளர்த்ததாக யூலியஸ் சீசர் எழுதிவைத்தார். ஐரோப்பாவின் இரும்புக்காலத்தில் அறுக்கப்படாமல் முழுதாகப் புதைக்கப்பட்ட கோழிகளைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வும் பேசுகிறது.

எனினும் உண்பதா விடுவதா என்பதோடு விடயம் முடிந்துவிடாது. சிறுவன் அபூ உமைரின் சின்னஞ்சிறு பறவை இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அவனிடம் பரிவோடு விசாரித்தார்கள். அறுப்பதை அனுமதித்த அதே மார்க்கம், கத்தியை நன்கு கூராக்கிக்கொள்ளவும், பிராணியின் கண்முன்னே அதைத் தீட்டாதிருக்கவும் சொல்கிறது. பூனையை அடைத்துவைத்த பெண்மீது சுமத்தப்பட்ட குற்றம் இரண்டு: தீனி கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லை. ஓர் உயிரை அடைத்தவர் அதன் பசிக்கும் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். வளர்ப்புயிர் ஓர் அமானிதம். அறுக்கும் உரிமை இருந்தாலும் இந்தப் பொறுப்பு நீங்காது.

இதை எங்கள் ஊர்ச்சனம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009 ஜனவரியில் உடையார்கட்டை உள்ளடக்கிய பகுதி பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பெப்ரவரியில் கிழக்குக் கடற்கரையோரம் இன்னொரு வலயம் அறிவிக்கப்பட்டது. எறிகணைகளுக்கு நடுவே சனம் மறுபடியும் இடம்பெயர்ந்தது. மனிதருக்கே இடம் போதாத உழவு இயந்திரப் பெட்டியில் கோழிக்கு ஏது இடம்? சிலர் அறுத்துப் பிள்ளைகளின் பசியாற்றினார்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள், படலையைத் தாண்டுமுன் திரும்பிப்போய்க் கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு, இருந்த குறுணலை முற்றத்தில் கொட்டிவிட்டு நடந்தார்கள். காப்பாற்ற முடியாத உயிருக்கும் செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.